நன்றாக ஆடுகிறவரைக் கேசினோ வெளியேற்றலாமா?

கேள்வி: மேசைக்கு வெளியே

அனைவருக்கும் வணக்கம். நான் நியூஜெர்சியில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். காப்பீட்டுத் துறையில் இடர்க் கணக்கீடு செய்வது என் தொழில். சென்ற மாதம் அலுவலக வேலையாக லாஸ் வேகாஸ் சென்றிருந்தபோது எனக்கு நேர்ந்ததை எழுதி, சட்டமும் நடைமுறையும் அறிந்தவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். விடுதியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதன் மீது பழி சுமத்துவது என் நோக்கமன்று.

பிளாக்ஜாக் ஆடியிராதவர்களுக்காக முதலில் சில வரிகள். இருபத்தொன்றைத் தாண்டாமல் அதற்கு மிக அருகில் வந்து, விடுதிக்காகச் சீட்டுப் போடும் டீலரை வெல்வதே இந்தச் சீட்டாட்டம். இந்த ஆட்டத்தில் ஒருமுறை இறங்கிய சீட்டு, மறுபடி எல்லாவற்றையும் கலைக்கும்வரை பெட்டிக்குத் திரும்புவதில்லை. ஆகவே இறங்கியவற்றைக் கவனித்து வருகிறவருக்கு, மிச்சமிருக்கும் சீட்டுகளில் பத்துகளும் ஏஸ்களும் மிகுந்திருக்கின்றனவா, சிறிய எண்கள் மிகுந்திருக்கின்றனவா என்பது பிடிபட்டுவிடும். பெரிய சீட்டுகள் மிகுந்திருப்பது ஆடுகிறவருக்கு நல்லது. முதல் இரண்டு சீட்டிலேயே இருபத்தொன்று விழும் வாய்ப்பு அப்போது கூடுகிறது, அப்படி விழுந்தால் பந்தயத்தைப் போல் ஒன்றரை மடங்கு கிடைக்கிறது. பதினாறு வைத்திருந்தாலும் இன்னொரு சீட்டை எடுத்தே தீரவேண்டிய டீலர் இருபத்தொன்றைத் தாண்டிப் போவதும் அப்போதுதான் அதிகம். இரண்டு முதல் ஆறு வரை எது இறங்கினாலும் ஒன்றைக் கூட்டுவது, பத்தோ படச்சீட்டோ ஏஸோ இறங்கினால் ஒன்றைக் கழிப்பது, ஏழு, எட்டு, ஒன்பதை விட்டுவிடுவது, வந்த தொகையை மிச்சமிருக்கும் கட்டுகளின் எண்ணிக்கையால் வகுப்பது: நான் செய்தது இவ்வளவே. கணக்கு உயர்ந்தபோது பந்தயத்தை உயர்த்தினேன். தாழ்ந்தபோது குறைந்தபட்சத்தில் நின்றேன். என்னிடம் கருவி எதுவும் இல்லை, கூட்டாளி இல்லை, அந்த மேசையின் முறைப்படி சீட்டை நான் கையால் தொட்டதுகூட இல்லை.

ஆறு கட்டு மேசை. குறைந்தபட்சம் 25 டாலர், நான் வைத்த மிகப் பெரிய பந்தயம் 200 டாலர். மூன்று இரவுகளில் ஏறத்தாழ 2,300 டாலர் ஜெயித்திருந்தேன். மூன்றாம் இரவு மேற்பார்வையாளர் இரண்டு காவலர்களோடு என் பின்னால் வந்து நின்று, "உங்கள் ஆட்டம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது, இனி இங்கே பிளாக்ஜாக் ஆட வேண்டாம்" என்றார். அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பின்புறத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறைக்கு என்னை அழைத்துச் சென்றார்கள். "வர விருப்பமில்லை" என்று நான் சொன்னபோது, காவலர்களில் ஒருவர் என் முழங்கையைப் பிடித்தார். அங்கே நாற்பது நிமிடம் உட்காரவைத்து, பாஸ்போர்ட்டைக் கேட்டு, படம் எடுத்து, இனி உள்ளே காலடி வைத்தால் அத்துமீறலுக்காகக் கைது செய்யப்படுவேன் என்று ஒரு தாளை வாசித்துக் காட்டினார்கள். என் கையிலிருந்த 1,400 டாலர் மதிப்புள்ள சிப்ஸை, அதாவது பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லைகளை, அடையாள ஆவணம் காட்டாமல் பணமாக மாற்றித் தர மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்தச் சிப்ஸ் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

என் கேள்விகள் இவை. மனத்தால் கணக்குப் போடுவது எந்தச் சட்டப்படியாவது குற்றமா? குற்றமில்லை என்றால், எல்லோரையும் வரவேற்கிறோம் என்று நெடுஞ்சாலை நெடுகிலும் பலகை வைத்து அழைத்துவிட்டு, ஆடத் தெரிந்தவரை மட்டும் பொறுக்கி வெளியே அனுப்பும் உரிமை எங்கிருந்து வருகிறது? அந்த அறையில் அவர்கள் செய்தது முறைதானா? பணத்தைவிட, என் மனைவியிடம் இதைச் சொல்லும்போது ஏதோ திருடிப் பிடிபட்டவனைப் போல என் குரல் தாழ்ந்ததுதான் என்னை வருத்துகிறது.

மறுமொழி: கடற்கரை நடையாளர்

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் குரல் தாழ்த்த வேண்டியதில்லை. நீங்கள் செய்ததைப் போலச் சீட்டை எண்ணுவது லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடாவிலும் குற்றமன்று, நியூஜெர்சியிலும் குற்றமன்று. ஆனால் "குற்றமன்று" என்பதற்கும் "உங்களை ஆடவிட வேண்டும்" என்பதற்கும் இடையில் மிகப் பெரிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை இரண்டு மாநிலங்களும் வெவ்வேறு விதமாக நிரப்பியிருக்கின்றன. நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில்தான் இந்த வாதம் ஒருமுறை ஆட்டக்காரர் பக்கம் வென்றது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

1978 மே மாதம் நியூஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் முதல் கேசினோவாக ரிசார்ட்ஸ் இன்டர்நேஷனல் திறக்கப்பட்டது. பசிபிக் பங்குச் சந்தையில் மூத்த துணைத்தலைவராக இருந்து, அந்த வேலையை விட்டு பிளாக்ஜாக் ஆட வந்த கென் அஸ்டன் என்பவரை 1979 ஜனவரியில் அந்த விடுதி தடுத்தது. அஸ்டன் அதற்கு முன்பே நெவாடாவில் வழக்குத் தொடுத்துத் தோற்றவர். நியூஜெர்சியில் அவர் விடவில்லை. 1982 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம் இது: கேசினோ ஆட்டங்களின் விதிகளை வகுக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றம் கேசினோ கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு மட்டுமே கொடுத்திருக்கிறது, சீட்டு எண்ணுகிறவரை விலக்கலாம் என்று ஆணையம் விதி எதுவும் இயற்றவில்லை, ஆகவே விடுதி தன்னிச்சையாக அப்படி விலக்க முடியாது. அதற்கு மேலும் ஒரு படி சென்று, தம் சொந்த லாபத்துக்காகப் பொதுமக்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கும் உரிமையாளர், தக்க காரணமின்றி ஒருவரை வெளியேற்ற, நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த பொதுச்சட்டமும் இடம் தரவில்லை என்று அந்த நீதிமன்றம் சொன்னது. நீங்கள் கேட்ட இரண்டாம் கேள்விக்கு நான் அறிந்தவற்றுள் இதைவிடத் தெளிவான விடை இல்லை.

ஆனால் அந்த வெற்றி மேசைக்கு வந்து சேர்ந்தபோது என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். நான் அட்லாண்டிக் சிட்டியில் முப்பது ஆண்டுகளாக ஆடி வருகிறேன். என்னை ஒருவரும் வெளியே போகச் சொன்னதில்லை. நான் பந்தயத்தை நூறு டாலராக உயர்த்திய மறுகணம் டீலர் கையை நீட்டி எல்லாச் சீட்டையும் கலைக்கத் தொடங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எட்டுக் கட்டு, எந்த இடத்தில் நிறுத்திக் கலைக்க வேண்டும் என்று காட்டும் வெட்டுச் சீட்டைப் பெட்டியின் பாதியிலேயே செருகுவது, நினைத்த நேரத்தில் கலைப்பது, ஒருவருக்கு மட்டும் பந்தய வரம்பைக் குறைப்பது என்று எத்தனையோ வழிகளை ஒழுங்குமுறை விதிகள் அனுமதித்துவிட்டன. இவற்றை எதிர்த்து ஆட்டக்காரர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் ஏற்க மறுத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், பக்கத்தில் அமர்ந்தவருக்கு ஒரு வரம்பும் தமக்கு ஒரு வரம்பும் வைத்ததைக் கேள்வி கேட்ட ஓர் ஆட்டக்காரருக்கு நடுவர் குழு வழங்கிய இழப்பீடும் மாநில உச்ச நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை; இத்தகைய முறையீடுகளை முதலில் ஆணையத்திடம்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உட்கார நாற்காலி உண்டு, சாப்பிட இலை உண்டு, சோறு வரும்போது மட்டும் இலையை இழுத்துக்கொள்வார்கள் என்ற நிலை. இருந்தும், அந்த நாற்காலிக்காக அஸ்டன் போராடியது வீண் என்று நான் நினைக்கவில்லை. அவர் இல்லாவிட்டால் இங்கேயும் என் முழங்கையை யாராவது பிடித்திருப்பார்கள்.

மறுமொழி: பச்சைத் துணி

நான் ஒன்பது ஆண்டுகள் டீலராகவும், பிறகு நான்கு ஆண்டுகள் கண்காணிப்பு அறையிலும் வேலை பார்த்தவன். எந்த மாநிலம், எந்த விடுதி என்பது வேண்டாம். மறுபக்கம் எப்படி யோசிக்கிறது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அதை நியாயம் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம்.

எண்ணுகிறவரைக் கண்டுபிடிப்பது கடினமான வேலை அன்று. அவர் எவ்வளவு ஜெயிக்கிறார் என்பதைக்கூட நாங்கள் முதலில் பார்ப்பதில்லை. பந்தயம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதைத்தான் பார்ப்போம். மேலே அமர்ந்திருப்பவரும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டு வருவார். அவர் கணக்கு ஏறும்போதெல்லாம் உங்கள் பந்தயமும் ஏறினால், இருபது நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். டீலரின் திறந்த சீட்டு ஏஸாக இருக்கும்போது, அவருக்கு இருபத்தொன்று விழும் என்று தனியாக வைக்கும் இன்ஷூரன்ஸ் பந்தயத்தைப் பொதுவாக யாரும் எடுக்கக் கூடாது. அதைச் சரியான நேரத்தில் மட்டும் எடுக்கிறவர் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கிறார். 25-இலிருந்து 200 வரை, எட்டு மடங்கு ஏற்றத்தை மூன்று இரவுகள் ஒரே விடுதியில் செய்திருக்கிறீர்கள். முதல் இரவே உங்களைக் கவனித்திருப்பார்கள்.

விடுதியின் வாதம் எளியது. இது தனியார் இடம், இங்கே ஆட்டம் எங்கள் வணிகம், நட்டம் வரும் வாடிக்கையாளரை ஏற்றுக்கொள்ள எந்த வணிகரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பார்கள். இந்தியானா உச்ச நீதிமன்றம் 2010-இல் கிராண்ட் விக்டோரியா கேசினோ வழக்கில் இதையே ஏற்றுக்கொண்டது. அங்கே அதற்கு முந்தைய ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆட்டக்காரர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, காரணம் சொல்லாமலே விலக்கும் பழைய உரிமை சூதாட்டச் சட்டத்தால் அழிந்துவிடவில்லை என்றது. நியூஜெர்சியின் வழியில் மற்ற மாநிலங்களும் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

நட்டம் என்று சொல்கிறார்களே, அது எவ்வளவு என்று நான் உள்ளே இருந்தபோதே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். உங்கள் சராசரிப் பந்தயம் 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 70 ஆட்டம், உங்களுக்குச் சாதகம் ஒரு விழுக்காடு. பெருக்கினால் மணிக்கு 42 டாலர். அதுவும் நீங்கள் ஒரு பிழையும் செய்யாமல் ஆடினால்தான். சோர்வில் நான்கு தவறு செய்தால் அதுவும் போய்விடும். அதே மேசையில் எண்ணத் தெரியாத ஐந்து பேர் அமர்ந்து, அந்த ஒரு மணியில் அதைப்போல் பல மடங்கை விடுதிக்குத் தந்துவிட்டுப் போவார்கள். ஒரு மனிதரை வெளியேற்ற மேற்பார்வையாளர், இரண்டு காவலர்கள், கண்காணிப்பாளர் என்று நான்கு பேரை நாற்பது நிமிடம் நிறுத்துவதற்கு அதைவிடச் செலவாகும். ஆகவே இது பணக் கணக்கு மட்டும் அன்று. தோற்காத ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்க மேலாளர்களால் முடிவதில்லை. தங்கள் மேலாளர் கேட்டால் என்ன சொல்வது என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறு ஒன்று. இந்த ஆட்டத்துக்கு இத்தனை கூட்டம் வந்ததே, இதை ஜெயிக்க முடியும் என்ற பேச்சால்தான். எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) இருந்த ஐ.பி.எம். 704 கணினியில் கணக்கிட்டு, எண்ணுகிறவருக்கு ஆட்டம் சாதகமாகும் என்று 1962-இல் நூலாகவே வெளியிட்டார். அதற்குப் பயந்து 1964 ஏப்ரலில் லாஸ் வேகாஸ் விடுதிகள் சேர்ந்து, பந்தயத்தை இரட்டிப்பதற்கும் ஏஸ்களைப் பிரிப்பதற்கும் இருந்த விதிகளை இறுக்கின. கூட்டம் மேசையை விட்டு எழுந்து போகத் தொடங்கியதும் சில வாரங்களிலேயே பழைய விதிகளுக்குத் திரும்பின. அந்த நூலைப் படித்தவர்களில் மிகப் பலர் சரியாக எண்ணத் தெரியாதவர்கள். அவர்கள் வரவால் விடுதிகள் செழித்தன. ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கையை அன்றிலிருந்து இன்றுவரை விற்றுக்கொண்டு, உண்மையிலேயே ஜெயிக்கக் கற்றவரை மட்டும் வாசலுக்கு அனுப்புகிறார்கள். விற்ற பொருளைக் கொடுக்காமல் விலையை மட்டும் வாங்கிக்கொள்வது போன்றது இது. உள்ளே இருந்தபோது இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

எண்ணுவதை நிறுத்த வேண்டுமானால் அவர்களுக்கு நேர்மையான வழிகள் உண்டு. ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் சீட்டைத் திரும்பப் போட்டுக் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரத்தை வைத்தால் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. அது எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்தும், யார் முழங்கையையும் பிடிக்க வேண்டியதில்லை. குறைந்த பந்தய மேசைகளில் இருபத்தொன்றுக்கு ஒன்றரை மடங்குக்குப் பதிலாக ஐந்துக்கு ஆறு என்று குறைத்துவிட்டார்களே, நூறு டாலருக்கு 150 கிடைத்த இடத்தில் 120, அதுவாவது பலகையில் எழுதிவைத்திருக்கும் விதி. விரும்பாதவர் உட்காராமல் போகலாம். அதை எழுதிவைக்காமல், முகத்தைப் பார்த்து ஆளுக்கு ஒரு விதி வைப்பதுதான் தவறு.

மறுமொழி: வழக்குக் கட்டு

நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆய்வுப் பணி செய்கிறேன், வழக்கறிஞர் அல்லன். ஆகவே இதைப் பொதுத் தகவலாக மட்டும் கொண்டு, நெவாடாவில் உரிமம் பெற்ற ஒருவரிடம் விரைவில் பேசுங்கள். உங்களுக்கு நடந்ததில் மூன்று வேறு செயல்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால், வெல்லக்கூடிய வாதமும் வெல்ல முடியாததோடு சேர்ந்து விழுந்துவிடும்.

ஆட வேண்டாம் என்றது, இனி வரக் கூடாது என்று எச்சரித்தது ஆகிய இரண்டும் ஒரு செயல். நெவாடாவில் அதை எதிர்த்து நிற்பது மிகக் கடினம். எவரையும் எக்காரணத்துக்காகவும் விலக்கிவைக்கும் பொதுச்சட்ட உரிமையை அந்த மாநிலத்தின் சூதாட்டச் சட்டமே காப்பாற்றி வைத்திருக்கிறது. இனம், நிறம் போன்ற காரணங்களுக்காக விலக்குவதுதான் தடைசெய்யப்பட்டது. நெவாடா உச்ச நீதிமன்றம் 2016-இல் சீசர்ஸ் நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில் இந்த உரிமையை மீண்டும் உறுதிசெய்தது. எச்சரிக்கைக்குப் பிறகு நீங்கள் அங்கே போனால் அத்துமீறல் வழக்கு உங்கள் மீது வரும், ஆகவே சிப்ஸை மாற்றுவதற்காகக்கூட நேரில் போகாதீர்கள்.

அறையில் தடுத்து வைத்தது வேறு செயல். இங்கே நீங்கள் வலுவான நிலையில் இருக்கிறீர்கள். மோசடி நடந்தது என்று நம்பத் தக்க காரணம் இருந்தால் மட்டுமே ஒருவரைத் தடுத்து வைக்கக் கேசினோவுக்குச் சட்டம் இடம் தருகிறது. எது மோசடி என்பதை நெவாடா உச்ச நீதிமன்றம் 1983-இலேயே விளக்கிவிட்டது: ஆட்டத்தின் இயல்பான தன்மைகளையும் விதிகளையும் மாற்றி, விளைவுகளின் வாய்ப்பைத் திருத்துவதுதான் குற்றம். கண்முன் இறங்கிய சீட்டை நினைவில் வைப்பது எதையும் மாற்றுவதில்லை. கருவியின் துணையோடு கணக்கிடுவதை 1985-இல் தனிச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். மூளையைத் தடுக்கும் சட்டம் இயற்றப்படவில்லை. நியூஜெர்சியில் 1982-இல் நடந்த பார்டோலோ வழக்கிலும், எண்ணுகிறார்கள் என்ற சந்தேகத்துக்காக ஆட்டக்காரர்களைத் தடுத்து வைத்த விடுதி, அது குற்றமே இல்லாதபோது அதைக் காரணம் காட்டித் தடுத்துவைக்க முடியாது என்ற பதிலைப் பெற்றது.

நெவாடாவிலேயே நடந்தது ஜேம்ஸ் குரோஷானின் வழக்கு. ஹார்வர்டில் பயின்று இந்த ஆட்டங்களின் கணக்கை ஆராய்ந்து எழுதியவர் அவர். 2000-ஆம் ஆண்டில் லாஸ் வேகாசின் இம்பீரியல் பேலஸ் விடுதியில் அவரைத் தடுத்து வைத்தார்கள். கிரிஃபின் இன்வெஸ்டிகேஷன்ஸ் என்ற துப்பறியும் நிறுவனம், திறமையான ஆட்டக்காரர்களின் படங்களையும் ஏமாற்றுக்காரர்களின் படங்களையும் ஒரே ஏட்டில் சேர்த்து விடுதிகளுக்கு விற்று வந்தது. அந்த ஏடுதான் இத்தகைய தொல்லைகளுக்கெல்லாம் ஊற்று. குரோஷான் அவதூறுக்காக அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து வென்றார்; 2005-இல் அது திவால் பாதுகாப்புக் கோரியது. இம்பீரியல் பேலஸ் மீதான வழக்கு 2009-இல் மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றும், சட்டத்துக்குப் புறம்பாகத் தடுத்து வைத்த பொறுப்பிலிருந்து விடுதியால் தப்ப முடியவில்லை. உங்கள் முழங்கையைப் பிடித்த காவலர், நாற்பது நிமிடம், "வர விருப்பமில்லை" என்று நீங்கள் சொன்ன சொற்கள் ஆகிய இவற்றை நாள், நேரத்தோடு இன்றே எழுதிவையுங்கள். கண்காணிப்புப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கக் கோரும் கடிதத்தை வழக்கறிஞர் வழியாக உடனே அனுப்புவது முக்கியம். காலம் கடந்தால் பதிவின் மேல் பதிவு ஏறிவிடும்.

சிப்ஸ் விவகாரம் மூன்றாவது. உரிமம் பெற்ற விடுதி தன் வாடிக்கையாளரின் சிப்ஸை உடனுக்குடன் பணமாக மாற்றித் தர வேண்டும் என்பது நெவாடா சூதாட்ட ஆணையத்தின் ஒழுங்குவிதி. ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் பணப் பரிமாற்றம் நடந்தால் அடையாளம் கேட்பது கூட்டாட்சிச் சட்டத்தின் கட்டாயம். 1,400 டாலருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஜெயித்த தொகை குறித்த தகராறு 500 டாலருக்கோ அதற்கு மேலோ இருந்தால் விடுதியே வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் வாரியத்தை நாடும் உரிமை உங்களுக்கு உண்டு என்று உங்களிடம் சொல்ல வேண்டும். இதை அன்றைக்கு யாராவது உங்களிடம் சொன்னார்களா என்பதையும் புகாரில் குறிப்பிடுங்கள்.

நம் ஊர்க்காரர் என்பதால் இன்னும் ஒன்று. இந்திய உச்ச நீதிமன்றம் 1967-இல் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்யநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று சொன்னபோது காட்டிய காரணங்களில் ஒன்று, இறங்கும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது என்பதே. கீழே போட்ட சீட்டைக் கவனிக்காமல் ரம்மி ஆடுகிறவரைத் திண்ணையில் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதே பழக்கத்தோடு வளர்ந்த ஒருவரைத்தான் அந்த அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

மறுமொழி: இரு பக்கம்

மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் ஓர் ஐயம். புகழ்பெற்ற போக்கர் ஆட்டக்காரர் ஃபில் ஐவியும் சீட்டைத் தொடவில்லை, கருவியும் வைத்திருக்கவில்லை. அவர் லண்டனில் கேசினோவுக்கு எதிரான வழக்கில் தோற்றது எப்படி? நாளைக்கு இதே காரணத்தைச் சொல்லி எண்ணுகிறவரையும் மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாதா? எண்ணுகிறவர்களும் குடித்திருப்பது போல் நடிக்கிறார்கள், வேறு பெயரில் வருகிறார்கள். அந்த நடிப்பை முழுக்க நேர்மை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுமொழி: வழக்குக் கட்டு

நல்ல கேள்வி. ஐவியின் வழக்கு எண்ணுகிறவர்களுக்கு எதிரானது என்று பலரும் நினைக்கிறார்கள். 2012 ஆகஸ்டில் லண்டனின் கிராக்ஃபோர்ட்ஸ் கிளப்பில் அவரும் அவருடைய கூட்டாளியும் ஆடியது பிளாக்ஜாக் அன்று, பக்காரா என்ற சீட்டாட்டத்தின் ஒரு வகையான புன்டோ பான்கோ. சீட்டுகளின் முதுகிலுள்ள வடிவம் இரு ஓரங்களிலும் ஒன்றுபோல் வெட்டப்படாததைக் கவனித்தார்கள். மதிப்புள்ள சீட்டுகளை மட்டும் திருப்பி வைக்குமாறு, ராசி பார்ப்பது போல் காட்டிக்கொண்டு டீலரிடம் கேட்டார்கள். காரணம் அறியாத டீலர் அப்படியே திருப்பினார். 77 லட்சம் பவுண்டு ஜெயித்தும் விடுதி பந்தயத் தொகையை மட்டும் திருப்பித் தந்தது. 2017 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக இதை மோசடி என்றார்கள். அவர்கள் சுட்டியது, ஐவி ஆட்டத்தின் நிலையையே மாற்ற ஏற்பாடு செய்தார் என்பதை. டீலரின் கையால் சீட்டுக் கட்டைத் தமக்கேற்ப அடுக்க வைத்தார் என்பதை. அட்லாண்டிக் சிட்டியில் போர்காட்டா விடுதியும் அவர் மீது வழக்குத் தொடுத்து, ஒரு கோடி டாலருக்கு மேல் திருப்பித் தர வேண்டும் என்ற ஆணையைப் பெற்றது. பிறகு சமரசமாக முடிந்தது.

எண்ணுகிறவர் டீலரிடம் எதையும் கேட்பதில்லை. எல்லோருக்கும் காட்டப்பட்ட சீட்டை அவரும் பார்க்கிறார், அவ்வளவே. நடிப்பைப் பற்றிய உங்கள் ஐயத்தை நான் தள்ளவில்லை. போலி ஆவணம் காட்டுவது எங்கும் குற்றம், அதை யாரும் செய்யக் கூடாது. ஆனால் திறமையைக் காட்டினால் வெளியேற்றுவோம் என்பவரிடம் திறமையை மறைப்பதை நான் பொய் என்று எண்ணவில்லை. மறைக்கும் தேவையை உண்டாக்கியவர் விடுதிக்காரர்.

கேள்வி கேட்டவர்: மேசைக்கு வெளியே

அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். லாஸ் வேகாசில் ஆட்டக்காரர்களின் வழக்குகளை நடத்தும் ஒரு வழக்கறிஞரோடு பேசினேன். வெளியேற்றியதை விட்டுவிடுங்கள், அறையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவரும் ஏறத்தாழ மேலே சொன்னதையே சொன்னார். பதிவுகளை அழிக்கக் கூடாது என்ற கடிதம் போய்விட்டது. வாரியத்துக்குப் புகாரும் கொடுத்தேன். அதற்குப் பத்து நாளில் விடுதியிலிருந்து, சிப்ஸைத் தபாலில் அனுப்பினால் காசோலை தருவதாகப் பதில் வந்தது. அறையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வழக்கறிஞரின் யோசனைப்படி சிப்ஸைப் படம் எடுத்து, எண்ணிக்கையைக் குறித்து, ஒப்புகைச் சீட்டோடு அனுப்பியிருக்கிறேன்.

பச்சைத் துணி ஐயா போட்ட 42 டாலர் கணக்கை நானும் என் ஏட்டில் போட்டுப் பார்த்தேன். என் பிழைகளையும் சேர்த்தால் 30-க்கு மேல் வரவில்லை. அதை என் மனைவியிடம் காட்டினேன். முப்பது டாலருக்காக ஒரு மனிதரின் கையைப் பிடிப்பார்களா என்று அவர் கேட்டார். தடுப்பு தொடர்பான வழக்கைத் தொடுப்பது என்று அன்றிரவே முடிவு செய்தோம். தேதி கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.